முகவரிச் சான்று

பதினேழு வருஷமாகக் கடலூரில் என் பெயர்
புரோக்கரம்மா.
நீல ஸ்கூட்டி, முன்கூடையில் அடுத்தவர் வீட்டுச் சாவிகள்
என்று அடையாளம் சொல்வார்கள்.
அமலோற்பவம் என்பது
ரேஷன் அட்டையிலும்
பங்குச் சாமியார் வீட்டு நோட்டிலும் மட்டும்.

இப்போது பதிவு வேண்டுமாம்.
எண் இல்லாமல் மனைப்பிரிவுக்குள்
ஆள் கூட்டிப் போகக் கூடாதாம்.
மஞ்சக்குப்பம் ப்ரௌசிங் சென்டரில்
கீர்த்திவாசன் படிவத்தைத் திறந்து
"தொழில், மேடம்?" என்றான்.
அதுக்குத்தானே தம்பி வந்திருக்கேன்.
திரையில் முகவர் என்று இருந்தது.
முகத்தைக் காட்டிப் பிழைப்பவர் என்றா,
முகம் பார்த்து விலை சொல்பவர் என்றா,
அவனுக்கும் தெரியவில்லை.

பான் கார்டு இருந்தது.
மூன்று வருஷ வருமானக் கணக்கு
ஆடிட்டர் முத்திரையோடு இருந்தது,
கணக்கில் வந்த வருமானம்.
காது தெரியவில்லை என்று
முக்காட்டை விலக்கி
மறுபடி எடுத்த போட்டோ இருந்தது.

"முகவரிச் சான்று? சொந்த வீடுதானே?"

நாற்பத்தோரு வீடு முடித்துக் கொடுத்திருக்கிறேன்.
கோண்டூரில் மட்டும் ஒன்பது.
பாதிரிக்குப்பத்தில் ஒன்று,
அண்ணன் தம்பி வழக்கில்
கிணறு ஒருவனுக்கும் கயிறு ஒருவனுக்குமாகப் பிரிந்தது.
வில்லங்கம் என்ற சொல்லை
எதிர்வீட்டு நாயின் பெயர்போலக் கூப்பிடுவேன்.
தாய்ப்பத்திரம்
எந்தப் பீரோவில் எந்தச் சேலைக்கடியில் என்று
வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

வாடகை வீடு, தம்பி.

அப்படியென்றால்
வீட்டுக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று
ஒரு கடிதம்.
முகவர் முகவரி ஆவதற்கு
தலையிலுள்ள புள்ளியை எடுத்துவிட்டு
ஒரு கொக்கி மாட்டினால் போதும்.
கொக்கி ஏகாம்பரேசனிடம் இருக்கிறது.

அவர் சர்க்கரை ஆலையில் டைம்கீப்பராய் இருந்தவர்.
கடிதத்தை மூன்று தரம் படித்தார்.
"இனிமே நீ கவர்ன்மெண்ட் புரோக்கரா?"
கையெழுத்தின் மேல் ஊதினார், மை காய.
காய்ந்ததும், பேப்பரைக் கொடுக்காமல்,
"அப்படியே இந்த வீட்டையும் பாரேன்மா.
பெங்களூர்ல பையன் பணம் கேக்கிறான்"
என்றார், டீக்குச் சொல்வதுபோல.

எண் ஒரு வியாழக்கிழமை வந்தது.
லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதைத் தண்ணீரில்
ஸ்கூட்டி நின்றுபோயிருந்தபோது
பையில் போன் நடுங்கியது.
அங்கேயே படித்தேன்.
பின்னால் ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டிருந்தார்.

சான்றிதழை அலுவலகத்தில்
பார்வைபட மாட்ட வேண்டும்.
அலுவலகம் என்பது ஹால்.
புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்பது
வாடகை ஒப்பந்தத்தில் ஆறாவது ஷரத்து.
ஃபிரிட்ஜின் மேல் சாய்த்து வைத்தேன்.

முதல் பார்ட்டி நெய்வேலியிலிருந்து,
புருஷன் பெண்டாட்டி, கூடவே டேப்.
கிழக்குப் பார்த்தது, என்றேன். போர் தண்ணீர் உப்பில்லை.
பின்கதவு ஐப்பசியில் உப்பிக்கொள்ளும்,
இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும்.
பிறகு
இருக்கிற ஒரே ஆணியிலிருந்து
காலண்டரைக் கழற்றினேன்.
கெடிலம் புதுப்பாளையத்துக்குள் வந்த வருஷம்
தண்ணீர் நின்ற கோடு.
அதை மறைக்கத்தான்
அந்த உயரத்தில் காலண்டர் மாட்டியிருந்தேன்,
என் கண்ணுக்கே.

அவர் கோட்டை டேப்பால் அளந்தார்.
விலையில் இரண்டு லட்சம் குறையும்,
அதில் என் கமிஷனும் குறையும்.
ஏகாம்பரேசன் கத்துவார்.

அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள்.
கவிழ்த்து வைத்த டம்ளர் இன்னும் ஈரமாயிருந்தது.
"இப்ப யாரு குடியிருக்காங்க?"

ஒரு அம்மா. வாடகைக்கு.
சொன்ன தேதியில காலி பண்ணிடுவாங்க,
அதுக்கு நான் பொறுப்பு.

தலையாட்டியபடி திரும்பியவள்
ஃபிரிட்ஜின் மேல் பார்த்தாள்.
இரண்டு காதும் தெரிகிற மாதிரி எடுத்த படம்.