வெள்ளைப் பொட்டு

மூன்று ஞாயிறு
மாங்குளத்தில், தகரம் போட்ட என் பின்னறையில்
பிளாஸ்ரிக் கதிரையில் வந்திருந்தாள் வசந்தரூபி.
கிழமை நாளில் கண்ணிவெடி அகற்றுகிறவள்.
அசையாமல் இருப்பதற்கு
நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமிருக்கவில்லை.

முதலில் முகம் முழுக்கப் பச்சை மண் பூசினேன்.
"இதென்ன, குளத்துப் பாசியோ?"
தோலுக்கடியில் குளிர் கிடக்க வேண்டும்,
மேலே காவி ஏற ஏற மங்கும்,
ஆனால் போகாது என்றேன்.
"சரி, பூசுங்கோ."

தலைக்கவசம் மறைத்த நெற்றி ஒரு நிறம்,
கீழே வெயில் தின்ற கன்னம் இன்னொன்று.
நடுவிலிருந்த கோட்டைத் தூரிகையால் தொடவில்லை.
பழைய சாரத் துணியால் ஒற்றி எடுத்தேன்.
பின்னணிக்கு
அடுப்படியில் மிஞ்சிக் கிடந்த கரியை அரைத்து
நீலத்தோடு சேர்த்தேன்.
காது எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது
தெரியாதபடி விரலால் தேய்த்தேன்.

மூன்றாம் ஞாயிறு மழை. எண்ணெய் காயவில்லை.
இமைக்குக் கீழிருந்த நிழல் தானாய் வழிந்து
கன்னத்துக்கு வந்தது. விட்டுவிட்டேன்.
அதைத்தான் பிறகு திறமை என்றார்கள்.

கண்மணியில் வைக்க ஒரு பொட்டு வெள்ளை வேண்டும்.
ரியூப்பைப் பற்பசை போல உருட்டி நசித்தும் வரவில்லை.
கிளிநொச்சிக் கடையிலும் முடிந்துவிட்டதாம்.
வெளிச்சமில்லாத கண்ணோடு
படம் மண்டபத்தில் தொங்கியது.

"ஆரையோ எதிர்பார்க்கிறாள்" என்றார் ஒரு வாத்தியார்.
கொழும்பிலிருந்து வந்தவர் நெடுநேரம் நின்று
வருகைப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினார்,
போர் போர் என்று.
பக்கத்தில்
மீன் ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றவளை
ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு கேட்டேன்,
இருந்தபோது என்ன நினைத்தாய் என்று.

"உண்மையைச் சொல்லட்டே?
பசி.
காலமை சாப்பிடாமல் வந்தனான்.
உங்கட குசினியில
ஆரோ கருவாடு பொரிச்சவை."

சிரித்தோம்.
பிறகு கிட்டப் போய்
நெற்றிக் கோட்டருகே விரலைக் கொண்டுபோனாள், தொடாமல்,
வேலைத்தலத்தில் மண்ணருகே கொண்டுபோவாளே, அப்படி.
"இது மட்டும் சரியா வந்திருக்கு."

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளை வந்துவிட்டது.
மூடி திறக்காமல் மேசையில் கிடக்கிறது.
படம் சுவரில்.

கருவாடு
பக்கத்து வீடாய் இருக்கும்.
என் குசினியில் அடுப்பு மூட்டி
நாலு மாதம்.