ஓமிஷ் பாலத்தில் சொல்வதற்கு ஒன்று

சாப்பாட்டு மேசையில் கடலை விரித்திருக்கிறான் திஹோமிர்.
நான்கு மூலைக்கும் கனம் வைத்தாயிற்று:
உப்பு ஜாடி, பழைய ஸ்பார்க் பிளக்,
என் மூக்குக்கண்ணாடிக் கூடு,
பாதி கடித்த ஆப்பிள்.

ரியேகாவிலிருந்து துப்ரோவ்னிக் வரை
கரையை விட்டு விலகவில்லை சிவப்புப் பென்சில்.
ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர்,
நடுவில் நாம் என்கிறான்.
நாம் என்றால்
முன்னால் அவன், பின்னால் நான்,
எனக்கும் பின்னால் கயிறு போட்ட கூடாரம்.

செஞ் தாண்டும்வரை காற்றிடம் கேட்டுத்தான் நகரவேண்டும்.
புரா இறங்கினால்
முதலில் மறிப்பது இருசக்கர வண்டிகளை.
போன மார்ச்சில் ஒரு ரொட்டி வேனையே அது
குப்புறத் தள்ளியது;
மறுநாள் முழுக்கக் கடற்காகங்கள் பறக்க முடியாமல் நடந்தன.
ஆகவே செஞ்சுக்கு ஒரு நாள் உபரி.
கட்டத்தில் எழுதுகிறேன்: காத்திருத்தல்.
அவன் அழித்துவிட்டு எழுதுகிறான்: மீன்.

பிறகு கார்லோபாக்.
எதிரே பாக் தீவு, தோலுரித்த முதுகாய் வெளுத்து.
வளைவுகளை ஒவ்வொன்றாக
விரலைச் சாய்த்து ஓட்டிப் பார்க்கிறான்,
உதட்டில் எஞ்சின் சத்தத்தோடு,
ஐம்பத்தாறு வயதில்.

சண்டை ஸ்ப்ளிட்டில்தான் பிடித்தது.
ஆகஸ்ட் மாதம். ஊரையே தீவுகளுக்கு ஏற்றும் படகுத்துறை.
விடிகாலை நாலரைக்குத் தாண்டிவிடுவோம், என்கிறான்,
ஜனம் பல் துலக்குமுன் ஓமிஷ் நம் முதுகுக்குப் பின்னால்.
இல்லை, பகல் பதினொன்று, என்கிறேன்.

பதினொன்றுக்கா?
பாலத்தில் வண்டிகள் ஈயாய் அப்பிக் கிடக்குமே.
கிடக்கட்டும்.
எஞ்சின் கொதிக்கும், தொடை வெந்துபோகும்.
வேகட்டும்.

அழகான சாலைகளில்
முப்பது வருடமாக
நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.
அங்கே காற்று
வாயிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும் சொல்லை.
இடுப்பில் இரண்டு தட்டு என்றால் நிறுத்து.
ஒரு தட்டு என்றால் அதோ, பார்.
அவ்வளவுதான் எங்கள் மொழி.

நெரிசலில்தான் அவன் கால் தரையில் ஊன்றும்.
ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளுவான்,
கழுத்து பாதி திரும்பும்.
த்ரோகிரில், லாரிப் புகைக்குள்தான் சொன்னேன்
மகள் வயிற்றில் இருப்பதை.
சாதர் நுழைவாயிலில் ஒரு வெயிலில்
அவன் அப்பாவின் ஸ்கேன் முடிவை
முன்னால் நின்ற பேருந்தின் நம்பர் பலகையிடம் சொல்வதுபோல்
என்னிடம் சொன்னான்.

இம்முறை என் கைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது.
மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமம்.
எட்டுப் போடும்போது கூம்பை இரண்டு தடவை இடித்து
மூன்றாம் தடவை தேறியது.
வியாழன்தோறும் நீச்சல் என்று கிளம்பி
குழாயடியில் தலை நனைத்துக்கொண்டு
வீடு திரும்பியிருக்கிறேன்,
வசந்தம் முழுக்க.

ஓமிஷ் பாலம். கீழே செத்தினா கடலில் கலக்க,
மேலே யாரும் எங்கும் போக முடியாத பதினொன்று.
கால் ஊன்றுவான்.
சொல்வேன்: திரும்பும்போது நான் ஓட்டுகிறேன்.
இறங்கி ஓடவும் அவனுக்கு இடமிருக்காது.

சரி, ஒன்பது, என்கிறான் இப்போது,
சந்தையில் தக்காளி கேட்பதுபோல்.
ஒன்பதுக்கு எவ்வளவு நெரியும் என்று கணக்குப் போடுகிறேன்.
ஒரு வாக்கியம் சொல்லலாம்.
அவன் பதில் சொல்லப் போதாது.

பத்தரை, என்கிறேன்.

யோசிக்கிறான். யோசித்தபடியே
ஆப்பிளை எடுத்துக் கடிக்கிறான்.
பிடி விட்ட மூலையிலிருந்து
துப்ரோவ்னிக் சுருண்டு வந்து
ஸ்ப்ளிட்டின் மேல் விழுகிறது.