உள் ஓரம்

வெளியிலிருந்து பார்த்தால்
டயர் நன்றாகத்தான் இருந்தது.
பட்டன் முழுசாக,
கம்பெனி பேர்கூட அழியாமல்.

செம்மண்டலத்தில் அருளப்பன்
ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னபோதுதான்
இடது சக்கரம் தன் முதுகைக் காட்டியது.
உள் ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு
மொழுமொழுவென்று,
நரம்பு தெரிய இன்னும் ஒரு நூல்தான் பாக்கி.

"எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு?"
"போட்டு ஆறு மாசம்."
மாசத்தைக் கிலோமீட்டராக மாற்ற
இந்த வண்டியில் வழியில்லை.
மீட்டர் நின்று மூன்று வருஷம்,
நின்ற இடம் கன்னியக்கோயில்.

டாடா 207, இரண்டாயிரத்து நாலு மாடல்.
முதுநகர்த் துறைமுகத்தில் ஏற்றும் மீனைப்
பாண்டி மார்க்கெட்டில் இறக்கும்.
ராத்திரி மாயகிருஷ்ணன், பகல் நான்.
கடனில் பாதி, டீசலில் பாதி,
டயரிலும் பாதி.

அருளப்பன் காற்று பார்த்தான். சரியாக இருந்தது.
"கொறைஞ்சா ரெண்டு ஓரமும் தேயும்,
கூடினா நடுவுல தேயும்.
இது ஒரு பக்கமாச் சாப்பிட்டிருக்கு."
பம்பரில் ஏறி நின்று குதித்தான்.
வண்டி ஒருதரம் எழும்பி அடங்கிவிட்டது.
ஷாக் இல்லை.
ஜாக்கி போட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டினான்.
கிங்பின் இல்லை.
ஐஸ் தண்ணீர் தின்ற துரு மட்டும்
பொலபொலவென்று அவன் சட்டையில் உதிர்ந்தது.

பிறகு பேசாமல்
உள்ளங்கையை டயர் மேல் வைத்து
உள்ளிருந்து வெளியே இழுத்தான்.
வெளியிலிருந்து உள்ளே இழுத்தான்.
"நீங்க தடவிப் பாருங்க."

போகும்போது வழுக்கியது.
வரும்போது கீறியது.
கொடுவாவை வாலிலிருந்து தலைக்குத்
தடவிப் பார்த்த கைக்கு
இதற்குமேல் விளக்கம் எதற்கு?

சீட்டுக்கடியில் கிடந்த தங்கூசியை எடுத்துக் கொடுத்தேன்.
பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு
இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினான்.
டேப்பை வைத்தான், எடுத்தான்,
மறுபடி வைத்தான்.
"பதினோரு மில்லி விரிஞ்சிருக்கு.
ஒண்ணு கடலைப் பாக்குது,
ஒண்ணு நெய்வேலியைப் பாக்குது.
ரெண்டையும் இழுத்துக்கிட்டு
நீங்க பாண்டி போறீங்க."

வண்டிக்கடியில் படுத்தவனின் குரல் வந்தது:
"டைராடு வளைஞ்சிருக்கு.
எங்கியோ கல்லுல குடுத்திருக்கீங்க.
இப்ப இல்ல, வளைவுலயே துரு ஏறியிருக்கு."

பங்குனி.
தூண்டில் வளைவுக்குக் கொட்டிய கருங்கல்
ஒன்று மட்டும் பாதையில் உருண்டு கிடந்தது.
எட்டு மணிக்குமேல் விலை விழுந்துவிடும் என்று
சுற்றாமல் ஏற்றினேன்.
'டங்' என்று ஒரே ஒரு சத்தம்.
இறங்கி பம்பரைப் பார்த்தேன்.
பெயிண்ட் போகவில்லை.
சொல்லவில்லை.

ஆடியில் முதல் டயர் போனது.
"தூங்கித் தூங்கி ஓட்டுறே,
ரோட்டை விட்டு இறக்கி இறக்கி ஏத்துறே"
என்று மாயகிருஷ்ணனைத்தான் சொன்னேன்.
ஏலக்காரர்கள் நின்ற இடத்தில், சத்தமாக.
அவன் பதில் பேசவில்லை.
மூவாயிரத்து நானூறு எண்ணிக் கொடுத்தான்.
ஒரு நோட்டில் செதில் ஒட்டியிருந்தது.

அதிலிருந்து அவன்
அரைமணி முன்னதாகக் கிளம்புகிறான்.
நாற்பதைத் தாண்டுவதில்லையாம்.
ஆல்பேட்டைப் பாலத்தில்
லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும்
அப்படியேதான் போவானாம்.
யாரோ சிரித்துச் சொன்னபோது
நானும் சிரித்தேன்.

மாற்று ராடு, போல்ட்டு, கூலி
எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு.
"டயரை என்ன பண்றது?"
"ரிம்முல திருப்பிப் போட்டா
இன்னும் ரெண்டு மாசம் வரும்.
ஆனா தேஞ்ச பக்கம் வெளியில தெரியும்."

"போடு" என்றேன்.

சாயங்காலம் சாவி வாங்க வந்த மாயகிருஷ்ணன்
முதலில் டயரைத்தான் பார்த்தான்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
மொழுக்கையான இடத்தில் கை வைத்தான்.
அவன் முகம் மாறியது.
அவன் கை சட்டைப் பைக்குப் போனது,
பணத்துக்கு.

"எடுக்காதே" என்றேன்.
"பங்குனியில ஒரு கல்லு..."