விரை

மூன்றேகாலுக்கு வலி எழுப்பியது நெஹுவேனை.
வயிறு என்றான், உடன் படுத்திருந்தவர்களிடம்.
பத்தொன்பது வயதில்
வயிறுதான் வாய்விட்டுச் சொல்லத் தகுந்த இடம்.
இரண்டு முறை வாந்தி.
சிலோயேவுக்குக் கிழக்கே அந்தச் சின்னத் தீவில்
மழை தகரக் கூரையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்குச் சுகாதார நிலையம்.
பதிவேட்டில் "வயிற்று வலி" என எழுதிவிட்டு நிமிர்ந்த ரொசால்பா
அவன் காலை அகட்டி நடந்து வருவதைப் பார்த்தாள்.
"வயிறு இருக்கட்டும். கீழே?"
சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தான் அவன்,
கைக்குழந்தைகளுக்கானது.
"எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?"
மூன்று முறை கேட்டாள்.

இடது விரை மேலேறிக் குறுக்கே கிடந்தது.
உள்தொடையை விரலால் கீறினாள்:
வலது பக்கம் துள்ளியது, இடது அசையவில்லை.
தொற்று என்றால் மெல்ல வரும், காய்ச்சலோடு, நீர்க்கடுப்போடு.
இது கதவை அறைந்து சாத்தினதுபோல் வந்திருக்கிறது.

"சிப்பிக் கயிறு முறுக்கிக்கொண்டால் என்ன ஆகும்?"
"கீழே தண்ணீர் ஓடாது. சிப்பியெல்லாம் செத்து..."
பண்ணைக்காரன். பாதியில் நிறுத்தினான்.

ஆறு மணி நேரம் என்பார்கள்.
ஆறாவது மணி முடிகையில் எந்த மணியும் அடிப்பதில்லை.

வானொலியில் காஸ்த்ரோ மருத்துவர்:
புத்தகம் திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்பு.
திருப்பினாள். அவன் கத்தியதில் நாய்கள் எழுந்தன.
வலி சற்று இறங்கியது.
இறங்கினாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

தமிழில் அந்த உறுப்புக்கும்
வேகமாய்ப் போ என்பதற்கும் ஒரே சொல்.
அவர்கள் மொழியில் அப்படியில்லை.
ஆனாலும் எவாரிஸ்தோ என்ஜினை முழுக்கத் திறந்துவிட்டான்.
நடுக்கால்வாயில், முகம் திருப்பாமல்,
"நான் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன்" என்றான்.
அப்புறம் கரைவரை
டீசல் நாற்றம் மட்டும்.

எட்டு ஐம்பது. கத்தி.
கொடியில் இன்னும் அரைச் சுற்று மிச்சம்.
கத்தரிக்காய் நிறம்.
பிரித்து, வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியில் பொதிந்து
காத்திருந்தாள் அறுவை மருத்துவர்.
செய்வதற்கு அப்போது வேறில்லை.
யாரோ தும்மலை அடக்கினார்கள்.
ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.
முழுக்க அல்ல.
போதும் என்று தைத்தாள்.
நன்றாயிருந்த வலதையும் சேர்த்தே தைத்தாள்,
அதுவும் ஒருநாள் திரும்பக்கூடியதுதான் என்பதால்.

தீவில், ரொசால்பா
பதிவேட்டின் "வயிற்று வலி"யை ஒரே கோட்டால் அடித்து
உரிய பெயரை எழுதினாள்,
சுருக்காமல்,
பக்கத்திலேயே மணியையும்.