எண்ணாதிருத்தல்

காலை எட்டு நாற்பது. ஜனவரி.
போர்வெனீரில் இதற்குப் பெயர் கோடை.
காற்று தகரக் கூரைகளை ஆணி ஆணியாகச் சோதிக்கிறது.
ஜலசந்தியில் இன்று படகு உண்டா இல்லையா,
வானொலி இன்னும் சொல்லவில்லை.

பெட்டகத்தின் முன் நாங்கள் இருவர்:
காசாளர் ஒனோஃப்ரே மன்சீயா,
துணை மேலாளர் யாஸ்னா, நான்.
இங்கே மூன்றாவது ஆள் நிற்கக் கூடாது.
தனியாக ஒருவர் நிற்கவே கூடாது.

பாதி எண் அவருடையது, பாதி என்னுடையது.
அவர் வட்டைச் சுழற்றும்போது நான் சுவரைப் பார்க்க வேண்டும்,
நான் சுழற்றும்போது அவர்.
விதிப்புத்தகத்தில் இது அரை வரி.
பதினோரு வருடமாக அந்த அரை வரியில்தான்
குடியிருக்கிறோம்.

சுவரில் ஒரு பெயின்ட் குமிழி,
ஆட்டுக்குட்டியின் காது மாதிரி.
என் கணவன் முகத்தைவிட
அதை எனக்கு நன்றாகத் தெரியும்.

எண்கள் சேர்ந்த பிறகும் கதவு திறக்காது.
பூட்டுக்குள் ஒரு கடிகாரம், பத்து நிமிடம் ஓடும்.
துப்பாக்கியோடு வருகிறவனுக்கு
அவ்வளவு பொறுமை இராது என்று
எவரோ கணக்குப் போட்டிருக்கிறார்.
எங்களுக்கு இருந்தது.
மனைவி சிலோயே தீவுக்குத் திரும்பிப் போனதை
ஒரு பத்து நிமிடத்தில் அவர் சொன்னார்.
கலைந்த கருவைப் பற்றி இன்னொன்றில் நான்.
மற்ற நாளெல்லாம் நண்டு விலை.

கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம்.
காதை எந்தச் சுவர்ப் பக்கம் திருப்புவது?
எண்ணாதே எண்ணாதே என்று எண்ணிக்கொண்டே
எண்ணிவிட்டேன்.
ஒரு ஞாயிறு, ரொட்டிக்கு மாவு பிசையும்போது
அவருடைய பாதி முழுதாக என் வாயில் வந்தது.
மாவுக் கைகளை உயரத் தூக்கி நின்றேன்,
போலீஸ் பிடித்தவள் போல.
யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரிலிருந்து அவர் வலக்கை நடுங்குகிறது.
குளிர் என்கிறார்.
ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று முதல் முறை தவறியது.
இரண்டாம் முறை, கடைசி எண்ணை
ஒரு மயிரிழை தாண்டிவிட்டார். எனக்குக் கேட்டது.
மூன்றாவதும் தவறினால் பூட்டு இறுகிவிடும்,
அக்கரையிலிருந்து ஆள் வர வேண்டும்.
வெளியே, பண்ணைகளில் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்கள்
கூலிக்காகத் தொப்பியைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாக்கு நுனியில் அந்த எண் தித்தித்தது.
சொன்னால் கதவு திறக்கும்.
அதன்பின் இந்த அறையில்
இருவர் இருக்க மாட்டோம்.

"கையைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்குங்கள், ஒனோஃப்ரே.
அவசரமில்லை."

கோட்டின் துணி உரசுவது கேட்டது. வெகுநேரம்.
பிறகு வட்டு. பிறகு அவர் மூச்சு.
விழுந்தது.

என் பாதியைப் போட்டேன். கடிகாரம் ஓடத் தொடங்கியது.
நண்டு பற்றி யாரும் பேசவில்லை.
ஏழாவது நிமிடத்தில் சொன்னேன்:
"உங்கள் எண் எனக்குத் தெரியும்.
மாற்றச் சொல்லி இன்று கடிதம் எழுதப் போகிறேன்."

அவர் குமிழியைப் பார்த்தார்,
முதல்முறை பார்ப்பவர் போல.
"உன் கடைசி எண் எனக்கும் தெரியும்.
அதற்கு முன்னால் எப்போதும் மூக்கை உறிஞ்சுவாய்."
சிரித்தோம் என்று சொல்ல முடியாது.

"எழுதும்போது
என் கையைப் பற்றியும் எழுதிவிடு, யாஸ்னா."

"அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.
நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்."

உள்ளே ஏதோ தளர்ந்தது.
இரண்டு சாவிகள், ஒரே திருப்பு.
கதவு வழக்கம்போல
முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது.