சில்லறை இல்லாத வியாழக்கிழமை

ஹியுமா தீவில், கடலுக்கு இறங்கும் சாலையில்
யாரும் உட்காராத ஒரு முட்டைக் கடை.
ஒரு பலகை, அதன்மேல் பத்துப் பத்தாய் அட்டைப்பெட்டிகள்,
காற்று தூக்கிப் போகாமலிருக்க ஒரு கல்,
மூடியில் கீறல் போட்ட காப்பித்தூள் டப்பா.
பத்து முட்டை மூன்று யூரோ என்று
கோணல் எழுத்தில் மைமு.
ஆள் இல்லை, கேமரா இல்லை.
வேலிக்கு அப்பால் இரண்டு கோழிகள் மட்டும்,
அவற்றுக்கும் வேறு வேலை இருந்தது.

நான் தபால் வண்டி ஓட்டுகிறவன்.
மே மாதம், ஒரு வியாழன், மழை,
பையில் ஒற்றை இருபது யூரோ நோட்டு.
டப்பாவைக் குலுக்கினேன்.
பதினேழு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
மூடியைத் திறந்து மீதி எடுத்துக்கொள்வது நியாயம்தான்.
ஆனால் அந்நேரம் பார்த்து ஒரு கார் வந்தால்
டப்பாவுக்குள் கைவிட்டு நிற்கிறவன்
நியாயமாகவா தெரிவான்?
முட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.
அன்றைக்கு எனக்கு ஆம்லெட் வேண்டியிருந்தது.
நாளைக்குப் போட்டுவிடலாம் என்றேன்,
சத்தமாக,
கோழிகளுக்குக் கேட்கும்படி.

வெள்ளி அந்தப் பக்கம் கடிதம் எதுவும் இல்லை.
திங்கள் மறந்துபோனேன், உண்மையாகவே.
செவ்வாய் ஞாபகம் இருந்தது;
அதனால்தான் மற்ற சாலை வழியாகப் போனேன்.

ஜூலையில், அக்கரைக்குப் போகும் ஃபெர்ரியில்,
பெஞ்சுக்கு அடியில் தடித்த பர்ஸ் ஒன்று.
அறுநூற்று நாற்பது யூரோ,
ஒரு லாத்வியாக்காரரின் அடையாள அட்டை,
பல் டாக்டர் கொடுத்த சீட்டு.
ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, சத்தியமாக.
ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள்.
தீவுப் பத்திரிகை படம் போட்டது,
தலைப்பு: கைசுத்தமான தபால்காரர்.
அந்தப் பத்திரிகையை வீடு வீடாய்ப் போட்டதும் நானேதான்.
மைமுவின் பெட்டியிலும்.

அறுநூற்று நாற்பதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு
மூன்று கனக்குமா?
பெரிய தொகை நேருக்கு நேராய், நீ திருடனா என்று கேட்கும்.
இல்லை என்று சொல்லிவிடலாம், சுலபம்.
சின்னத் தொகை எதுவும் கேட்பதில்லை.
வண்டியில் ஏறி
முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

செப்டம்பரில் மைமுவே பலகை அருகில் நின்றாள்.
பேச்சு டப்பாவைப் பற்றி வந்தது; நான் எடுக்கவில்லை.
இந்தக் கோடையில் விழுந்தவை:
ஒரு சட்டைப் பட்டன். ஒரு ஸ்வீடன் காசு.
'என் நாய் ஒன்றை உடைத்துவிட்டது' என்ற சீட்டில் சுற்றி ஐந்து யூரோ.
வாரம் தவறாமல் யாரோ ஐம்பது சென்ட் குறைவாக.
"யாரென்று தெரியுமா?"
"தெரியும். எந்த அட்டையில் நான் விரிசல் முட்டையை
அடியில் வைக்கிறேன் என்று அந்த ஆளுக்கும் தெரியும்."
சிரித்தாள்.
பிறகு, பத்திரிகையில் வந்த என் படத்தை
ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் எப்படி மூன்று யூரோவை நீட்டுவது?
ஐந்தாகப் போட்டால் ஏன் என்று கேட்பாள்.
மூன்றாகவே போட்டால்
மே முதல் இன்றுவரைக்கும் வட்டி, இந்த முகம்தான்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.
நவம்பரில் பலகையை உள்ளே எடுத்துவிட்டாள்,
டப்பாவையும்.

டிசம்பர். பனி.
ஓர் உறைக்குள் இரண்டு நாணயம்: ஒரு இரண்டு, ஒரு ஒன்று.
அனுப்புநர் பெயர் இல்லை.
முகவரியை இடது கையால் எழுதினேன்.
மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து அவள் பெட்டியில் போட்டேன்;
தகரத்தில் காசு தட்டிய சத்தம்
தேவாலயம் வரைக்கும் கேட்டிருக்கும்.
வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது:
உறையில் ஸ்டாம்பு ஒட்டவில்லை.

நாளைக்கு ஒன்று வாங்கிக் கிழித்துப்போட்டுவிடலாம் என்றேன்,
சத்தமாக.
கேட்கக் கோழிகள்கூட இல்லை.