அரைப்பேர்

அப்புத்தளையில் எங்கள் ஆறாம் நம்பர் மலைக்குப்
பனி இறங்கினால் பக்கத்து நிரை இல்லை.
புவனலோஜினியின் இருமல் மட்டும் இருக்கும்.
அப்படியொரு காலையில்தான் அதைச் செய்யத் தொடங்கினேன்.
(சாதாரண தரத்தில் எனக்கு விஞ்ஞானத்துக்கு மட்டும் சி.)

முதலில் அது விரல் நீள மீன்.
மன்னார்ப் பக்கம், முழங்கால் தண்ணீர்,
மஞ்சள் கோடு, நல்ல வெயில்.
பெரிய வாய்கள் வந்தன.
தலைமுறைக்கு ஒரு முழமாகக் கீழே போனது.
தானாகப் போனதென்றுதான் பாறைகளில் பதிந்திருக்கும்.

கோடு முதலில் அழிந்தது:
பார்க்க ஆளில்லாத இடத்தில் நிறம் வீண்செலவு.
கண் கொஞ்ச காலம் பெருத்தது,
தட்டளவு பெருத்தும் ஒன்றும் அகப்படாமல்
கடுகாகச் சுருங்கிற்று.
அதற்கு நாற்பது லட்சம் வருடம்.
நான் ஒரு நிரைக்குள் முடித்தேன்.

அடியில் எதுவும் விளையாது.
மேலே செத்ததெல்லாம் தூளாகி
இரவு பகலாய் உதிரும்.
அதைக் கிள்ளவென்று துடுப்பு பிளந்தது,
நசுக்காமல் எடுக்கும் இரண்டு விரல்.
வாயில் போடாமல் முதுகுக்கு எறியப் பழகியவை மட்டும் பிழைத்தன.
முதுகில் பை வந்தது. பை கனத்தது.
கனம் தாங்க ஒரு நரம்பு நெற்றிவரை ஏறிற்று.
நெற்றி எலும்பு வழிவிட்டுப் பள்ளமானது.

என் நெற்றியைத் தடவிப் பார்க்கவில்லை.
தெரியும்.

விளக்கும் உண்டு, பையின் ஓரத்தில்,
தீக்குச்சி அணைகிற நேரத்துச் சிவப்பு.
இரைக்கல்ல. பின்னால் வருவது
நிரை மாறாதிருக்க.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை:
விலாவுக்குள் ஒரு சின்ன எலும்பு,
எதற்கும் உதவாது.
மன்னாரில் தண்ணீர் ஏறி வற்றும் நேரத்துக்கு
வெளிச்சம் எட்டாத இடத்தில் கிடந்து துடிக்கிறது.
எடுத்துப் போட நினைத்தேன்.
விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பனி கிழிந்தது.
தெற்கே, கீழே, மிகக் கீழே,
கம்பி இழுத்தாற்போல் கடல்.
"அங்க பாரு" என்றாள் புவனலோஜினி
காலில் அட்டையைப் பிய்த்துக்கொண்டே.
நான் பார்த்தது அதன் கூரையை.

மாலைத் தராசில் பதினெட்டுக் கிலோ நின்றது.
ஈரத்துக்கென்று இரண்டைக் கழித்து
நிமிராமலே அரைப்பேர் போட்டார் கணக்கர்.

ஓர் உயிருக்கு
இரண்டு சொல்லில் பேர் வைப்பதுதான் முறையாம்.
ஒன்று வைத்தாயிற்று, சொல்ல மாட்டேன்.
மற்றது
ஈரத்துக்குக் கழித்த அந்த
இரண்டு கிலோவில் இருக்கிறது.